கிறவல் பிறகு, முதல்ல கானை வெட்டுவம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட வாசகர் பக்கத்தில ஒருத்தர் வயல் ரோட்டுக்கு கிறவல் (கல்லுக் கலந்த சிவப்பு மண்) போட்டுத் தாங்க எண்டு எழுதியிருந்தார், அதை வாசிச்சிட்டு சும்மா இருக்க ஏலாமத்தான் இதை எழுதுறன். அவர் எந்தப் பக்கத்து ஆளோ தெரியா, நான் திருகோணமலை மாவட்டத்தில கந்தளாய்க் குளத்துத் தண்ணி பாயிற பக்கத்தில நாலு ஏக்கர் செய்யிறவன். எங்கட ரோட்டுக்கும் காணிக்காரங்க சேர்ந்து ஒரு சங்கம் வச்சிருக்கிறம், அதில ரெண்டு வருசமா நான்தான் பொருளாளர், அதாவது எல்லாரும் ஏசுற ஆள்.

நான் சொல்ல வாறது ஒண்டுதான். கிறவல் ரோட்டைத் திங்கிறது தேங்கி நிக்கிற தண்ணி. டிப்பரும் லேண்ட்மாஸ்டரும் (ரெண்டு சில்லு ட்ரக்டர்) அதுக்குப் பிறகுதான். ரோட்டுக்கரையில கான் வெட்டித் தண்ணிக்கு வழி விடாம எத்தின லோட் கொட்டினாலும் மார்கழிக்குள்ள அது ஆற்றயோ வயலுக்குள்ள போய்ப் படுத்திரும்.

எங்கட கதையைக் கேளுங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்களுக்கும் கிறவல் வந்திச்சு. கொந்தராத்துக்காரர் ஒருத்தர் குவியல் குவியலாக் கொட்டி, பெக்கோ மெசின் வாளியால தட்டி விட்டு, ரோலர் எங்க எண்டு கேட்டதுக்கு டிப்பர் ஓடி ஓடியே இறுகிரும் எண்டு சொல்லிட்டுப் போயிட்டார். பாக்க செக்கச்செவேலெண்டு நல்ல வடிவுதான், பொடியன்மார் போட்டோ எடுத்து நன்றி எண்டு பேஸ்புக்கில எல்லாம் போட்டாங்க. தைப்பொங்கல் வரேக்க அதே இடத்தில லேண்ட்மாஸ்டர் பெட்டி அச்சு வரைக்கும் புதைஞ்சு நாலு பேர் தள்ளிக்கொண்டு நிண்டம். உடன சங்கத்தில என்ன சொன்னாங்க தெரியுமா, கிறவல் காணாது, இன்னும் அம்பது கியூப் (ஒரு கியூப் எண்டா நூறு கன அடி) கேப்பம் எண்டு.

அந்த மாசியில என்ட மருமகன் வயல் பாக்க வந்தவன், மேசன் வேலை செய்யிறவன். ரோட்டில கொஞ்ச நேரம் நிண்டு பாத்திட்டு, மாமா நூல் இருக்கா எண்டு கேட்டான். இந்தக் கரையில ஒரு கம்பி அந்தக் கரையில ஒரு கம்பி அடிச்சு, நூலை இறுக்கிக் கட்டி லெவல் பாத்து, நடுவில அளவுநாடாவைப் பிடிச்சா, நடு ரோட்டு கரையை விட ரெண்டரை இஞ்சி பள்ளம். ரெண்டரை இஞ்சி! நாங்க ரோட்டு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தது ஒரு வாய்க்கால். மழை விழுந்தா தண்ணி கரைக்கு ஓடாம சில்லுத்தடம் வழியாவே நீட்டுக்கு ஓடிப் பள்ளம் பாத்து நிக்குது, அதில சில்லு ஏறேக்க அடிமண் கூழாகி மேல வருது, கல்லு கீழ போகுது.

கிறவல் ரோட்டு எருமை முதுகு மாதிரி இருக்கணும். நடுவில இருந்து கரைக்கு ஒரு அடிக்கு அரை இஞ்சி சரிவு. எங்கட ரோட்டு பன்னிரண்டு அடி அகலம், அப்ப நடு கரையை விட மூண்டு இஞ்சியாவது உயர்ந்து நிக்கணும், நாலு எண்டா இன்னும் நல்லம். அதுக்கு மேல போனா நெல்லு ஏத்தின பெட்டி சரியும், பயத்தில எல்லாரும் நடுவாலயே ஓடி ரெண்டு தடம் விழுத்திருவாங்க. கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 விடியச்சாமம் உடைஞ்சதைக் கண்ட ஆக்கள் இன்னும் எங்கட சங்கத்தில இருக்கினம், தண்ணி என்ன செய்யும் எண்டு ஒருத்தரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்ல. வயலுக்குள்ள வரம்பு அரை இஞ்சி பிழைச்சாலும் கண்டுபிடிக்கிற மனுசன், ரோட்டுக்கு வந்தா மட்டும் கிறவல் கிறவல் எண்டு நிக்கிறார்.

சரி, கரைக்கு வந்த தண்ணி எங்க போறது? கான் இருக்கணுமே. இதை எழுதினா என்னோட கோவிப்பாங்க, பரவாயில்ல எழுதுறன். ஒவ்வொரு போகமும் வரம்பு கட்டேக்க மண்வெட்டியால ஒரு கொத்து ரோட்டுப் பக்கம் கூட வெட்டுறது யார்? நாங்கதான். முந்தி மாட்டுவண்டி ரெண்டு விலத்திப் போன ரோட்டு, இப்ப ஒரு ட்ரக்டர் வந்தா மோட்டார்சைக்கிள்காரன் வயலுக்குள்ள இறங்கணும். கான் முழுக்க நெல்லு நிக்குது. சில பேர் ராவில ரோட்டையே குறுக்க வெட்டி அந்தப் பக்கத்து வயலுக்குத் தண்ணி விட்டிட்டு, விடியப் புல்லும் சேறும் போட்டு மூடி வைக்கிறாங்க, அந்த இடம் பிறகு சென்மத்துக்கும் இறுகாது. ஒரு பைப் வாங்கித் தாழ்த்துப் போட்டா முடிஞ்சிரும், கேட்டா சங்கம் போடட்டுமாம்.

மதகு கதை இன்னும் வடிவு. எங்கட நடுமதகில தண்ணி போகுதில்ல, புது ஹியூம் பைப் வேணும் எண்டு மனு கூட எழுதியாச்சு. ஒரு ஞாயிறு நாலு பேர் இறங்கிக் கிண்டினா யூரியா பேக் ஏழெட்டு, ஒரு டயர், வைக்கோல் ரெண்டு கட்டளவு, சல்வீனியா, ஒரு செத்த பாம்பு. பைப்புக்கு ஒண்டும் இல்ல, நல்ல பைப். மனுவை நான் மடிச்சு சேட் பொக்கட்டுக்குள்ள வச்சிட்டன்.

இப்ப கணக்குக்கு வருவம், பொருளாளர் எண்டபடியால் இதைச் சொல்லாம விட ஏலாது. எங்கட ரோட்டு ரெண்டு கிலோமீட்டர். பன்னிரண்டு அடி அகலத்தில நாலு இஞ்சி கனத்துக்கு இறுகி நிக்கணும் எண்டா 262 கியூப் வேணும், கொட்டேக்க பொலபொலெண்டு இருக்கிறது இறுகேக்க குறையும் எண்டதையும் சேர்த்தா முன்னூறைத் தாண்டும், மூண்டு கியூப் டிப்பரில நூறு லோட்டுக்கு மேல. இதே ரோட்டில மேல்மண் அரை இஞ்சி கழுவிப் போனா அதுவே 33 கியூப், பதினொரு லோட். கான் வெட்டுற கூலியை இந்தப் பதினொரு லோட் காசோட வச்சுப் பாருங்க. பக்கத்து மேட்டில நாங்களே கிண்டி எடுப்பம் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், 1992 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கச் சட்டப்படி பெர்மிட் இல்லாம கிறவல் வெட்டவும் ஏலாது ஏத்தவும் ஏலாது, ட்ரக்டரோட பிடிபட்டா ஆர் போய் நிக்கிறது?

வாங்கிறதையும் பாத்து வாங்கணும். சிவப்பா இருக்கிறதெல்லாம் கிறவல் இல்ல. கொஞ்சம் அள்ளி தண்ணி தெளிச்சு உருண்டை பிடிச்சுப் பாருங்க, உருண்டை நிக்காம உதிர்ந்தா அதில பிடிமானம் இல்ல, கோடையில தூசியாப் பறந்து ரோட்டு அலை அலையா வந்திரும். சட்டி வனையிற களி மாதிரி கையில அப்பினா மாரியில வழுக்கி விழுத்தும். கல்லும் மணலும் களியும் கலந்து நிக்கணும். ரெண்டு இஞ்சிக்கு மேற்பட்ட கல்லை பொறுக்கி எறியணும், மண்ணை வழிக்கிற பிளேட் போடேக்க அந்தக் கல்லு இழுபட்டு ரோட்டைக் கீறிக்கொண்டே வரும்.

காசு சேர்க்கிறதுதான் பெரிய தலையிடி. ஏக்கருக்கு இவ்வளவு எண்டு போட்டா, ரோட்டு வாயில காணி உள்ளவர் நான் நூறு யார்தான் ஓடுறன், கடைசிக் காணிக்காரனுக்கு நான் ஏன் கட்டணும் எண்டுறார். காணிச் சொந்தக்காரர் கனடாவில, போன் எடுத்தா செய்யிறவன்தானே தம்பி ஓடுறான் அவனிட்டக் கேளுங்க எண்டுறார், குத்தகைக்குச் செய்யிறவர், நான் ஒரு போகத்துக்குத்தானே வந்திருக்கன் எண்டுறார், ரெண்டு பேர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. என்ட முடிவு இதுதான், சங்கத்திலயும் சொல்லிட்டன்: மதகு, பைப், புதுக் கிறவல் மாதிரி வருசக்கணக்கா நிக்கிற வேலைக்குக் காணிக்காரர் கட்டணும், வருசா வருசம் பிளேட் இழுக்கிறது, கான் துப்பரவாக்கிறது, புல்லுச் செதுக்கிறது எல்லாம் அந்த வருசம் செய்யிறவர்ட பொறுப்பு. காசு இல்லாதவர் மண்வெட்டியோட ஒரு நாள் வரட்டும். ரோட்டு வாய்க்காரருக்குப் பதில், உங்கட வாசல்ல வந்து நிக்கிற தண்ணி எங்கட பக்கத்தில இருந்துதான் வருது அண்ணன், அதை மறிச்சுத் தாறதுக்குக் கட்டுங்க. (இதுக்குச் சிரிச்சார், காசு இன்னும் தரல.)

உழவுக்குப் பூட்டின இரும்புச் சில்லைக் கழட்டாம ரோட்டில ஓடுறதுக்குத் தண்டப்பணம் போடணும் எண்டும் ஒரு தீர்மானம் எடுத்தம். முதல் மாட்டுப்பட்டது செயலாளர்ட மகன். அதோட அந்தத் தீர்மானம் நித்திரை.

செய்யிற வேலைக்கு நேரமும் இருக்கு. ஆவணி வெயில்ல பிளேட் இழுத்தா தூசிதான் வரும், ஒண்டும் ஒட்டாது. புரட்டாசிக் கடைசியில ரெண்டு மழை விழுந்து மண் ஈரப்பதமா இருக்கேக்க, வடகீழ்ப் பருவமழை பலக்க முதல், அந்த ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள கரையில ஒதுங்கின கிறவலை நடுவுக்கு இழுத்து, முதுகு எடுத்து, ரோலர் போடணும். பிளேட் கரையில விட்டுட்டுப் போற மண் வரம்பை மறக்காம வெட்டி விடணும், அது நிண்டா நீங்க எடுத்த முதுகால ஒரு பிரயோசனமும் இல்ல. கிடங்குக்கு மண் போடுறதெண்டா தண்ணியை இறைச்சு, அடியில உள்ள சேத்தை வழிச்சு, விளிம்பை நேரா வெட்டிப் படை படையாப் போட்டு இடிக்கணும், தண்ணி நிக்கேக்க மேலால ஒரு கடகம் கொட்டுறது கிடங்குக்குச் சாப்பாடு குடுக்கிற வேலை.

ஐயா, ஒரு சின்னக் கேள்வி. போனமுறை நான் கான் பற்றி எழுதின கடிதத்துக்கு நீங்க "எங்கள் வீதிக்கு கிறவல் கிடைக்குமா?" எண்டு தலைப்புப் போட்டிட்டீங்க, அதை வெட்டி ஒட்டி எங்கட ஆக்கள் இன்னொரு மனு எழுதிட்டாங்க. இந்தமுறை நான் போட்ட தலைப்பை அப்படியே விடுங்க.

இப்படிக்கு,
வயல் ரோட்டுச் சங்கப் பொருளாளர்,
திருகோணமலை.