மழைக்கு மறுநாள் வாருங்கள்

கொங்கு மாவட்டங்களில் சாலை அகலப்படுத்தும் பணிகளைப் பார்வையிட வரும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் ஊருக்கு மேற்கே சாலை வேலை ஒன்றரை வருடமாக நடக்கிறது. மாதம் ஒருமுறையாவது ஜீப் வந்து மேட்டில் நிற்கும். கிராவல் கனத்துக்கு டேப் பிடிப்பார்கள், லெவல் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். குறையாகச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்ப்பதற்கு முன்னால் பதினோரு வருடம் நானும் ஒரு கன்சல்டன்சியில் இதே வேலையைத்தான் செய்தேன். ‘மண் அரிப்புத் தடுப்பு: திருப்தி’ என்று வெயிலில் நின்றுகொண்டு எத்தனையோ தாளில் டிக் அடித்திருக்கிறேன். வெயிலில் எந்த மண் அரிக்கும்? திருப்தியாகத்தான் இருக்கும்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மறுநாள் விடிந்ததும் சாலைக்குப் போகாமல் அதற்குக் கீழே ஓடும் ஓடைப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். சாலை மண் பள்ளத்தில் இறங்காமல் இருக்கக் கரையோரம் சவுக்குக் குச்சி நட்டுப் பச்சை வலைத்துணி கட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுங்காகத்தான் தெரிந்தது. கிட்டே போனால் துணியின் அடி மண்ணுக்குள் புதையவே இல்லை, பாவாடை மாதிரி தரைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதன் அடியிலேயே புகுந்து போயிருக்கிறது. ஒரு சாண் ஆழம் வாய்க்கால் பறித்து, துணியை உள்ளே மடக்கிப் போட்டு, மண் தள்ளி மிதித்திருந்தால் நின்றிருக்கும். அதுவும் பசுமைக்குடிலுக்குப் போடும் நிழல்வலை. வெயிலை வடிகட்டும், வண்டலை வடிகட்டாது.

கொஞ்சம் தள்ளி, சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலத்தின் வாய் பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தது. அதற்கு நேர் மேலே வெட்டிய மண்ணைக் குவித்திருந்தார்கள். இதைவிடத் தோதான இடம் தேடினாலும் கிடைத்திருக்காது!

பள்ளம் போய்ச் சேருவது எங்கள் குட்டைக்கு. மாடு ஓட்டி வந்த ஆத்தா ஒருவர் கரையில் நின்று கேட்டார்: “ஏனுங் தம்பி, இந்தத் தண்ணி எப்பத் தெளியும்? மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுங்.” நான் பதில் சொல்லவில்லை. ஒரு பாட்டிலில் வேலை நடக்கும் இடத்துக்கு மேலே ஓடும் தண்ணீரையும், இன்னொன்றில் கீழே ஓடும் தண்ணீரையும் பிடித்து வந்து திண்ணையில் வைத்தேன். காலையில் முதல் பாட்டிலில் அடியில் ஒரு கோடு போல மண். இரண்டாவதில் இரண்டு விரற்கடை. அதற்கு மேலே நின்ற தண்ணீரும் தெளியவில்லை, டீ மாதிரியே இருந்தது. மூன்றாம் நாளும் அப்படித்தான். மணலும் வண்டலும் சீக்கிரம் படிந்துவிடும், களிமண் படியாது. அதனால்தான் ‘ஒரு குழி வெட்டியிருக்கிறோம், அதில் தங்கிவிடும்’ என்று சொல்வதை நான் நம்புவதில்லை. குழி வேண்டும்தான். ஆனால் மண் மேலேயே கிளம்பாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

“வண்டல்தானே, குட்டைக்கு நல்லதுதானே” என்று தளத்தில் ஒருவர் சொன்னார். இல்லைங்க. குடிமராமத்தில் நாங்கள் வண்டி வண்டியாக அள்ளி வெள்ளாமைக் காட்டுக்கு அடித்தது பல வருடம் இலையும் சாணியும் மக்கிய வண்டல். சாலைக்கு வெட்டும்போது வருவது அடிமண், அதில் பயிருக்குச் சத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் களி குட்டையின் அடியில் மெழுகினாற்போல் படிந்தால் தண்ணீர் கீழே இறங்காது. ஆயிரம் அடிக்குப் போர் போட்டுக்கொண்டிருக்கும் ஊரில் குட்டையை மெழுகிவிட்டால் எங்கே போவது?

அமெரிக்காவில் ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ மண்ணைக் கிளறும் கட்டுமானத்துக்கு மழைநீர் அனுமதி வாங்க வேண்டும். அங்குள்ள மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் பொது அனுமதிப்படி ஏழு நாளுக்கு ஒருமுறை தளத்தைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் 14 நாளுக்கு ஒருமுறை பார்ப்பதோடு, கால் அங்குல மழை பெய்தாலே 24 மணி நேரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். துணித்தடுப்பில் மண் பாதி உயரம் சேருவதற்குள் அள்ளிவிட வேண்டும். கால் அங்குலம் என்பது ஆறு மில்லிமீட்டர் சொச்சம், நம் ஊரில் அதை மழைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டோம். அந்த அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. கோவைப் பக்கம் வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான் மழை, அதிலும் பெரும்பகுதி சில சாயங்காலங்களில் கொட்டிவிடும். மாதக்கணக்கில் டிப்பர் ஓடிப் புழுதியாகக் கிடக்கும் மண்ணை முதல் மழையே வாரிக்கொண்டு போய்விடும். வருடத்தில் அந்தச் சில மறுநாள்களில் மட்டும் வந்தால் போதும் என்கிறேன்.

சட்டமில்லை என்று சொல்ல முடியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாலை, பால வேலை விவரக்குறிப்பில் 306ஆம் பிரிவே மண் அரிப்பும் வண்டல் படிவும் பற்றியதுதான். ஒரே நேரத்தில் எவ்வளவு நிலத்தைத் திறந்து போடலாம் என்று கட்டுப்படுத்தும் அதிகாரம் பொறியாளருக்கு அதில் இருக்கிறது. சிக்கல் அதிலுள்ள இன்னொரு வரியில்: தற்காலிகத் தடுப்பு வேலைகளுக்குத் தனியாகப் பணம் கிடையாது, மண்வேலை முதலான இனங்களிலேயே அடக்கம். பில் போடுவதற்காக வேலையை அளந்து எழுதும் எம்-புக்கில் இடமில்லாத வேலையை யார் செய்வார்கள்? ‘தனிப் பணம் இல்லை’ என்பதைக் கான்ட்ராக்டர் ‘வேலையே இல்லை’ என்று படித்துக்கொள்கிறார். நான் வேறு மாதிரி படிக்கிறேன். அடக்கம் என்றால் அந்தப் பணத்தை மண்வேலை பில்லில் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வேலை நடக்கவில்லையென்றால் அந்த பில்லில் உங்கள் கையெழுத்து ஒரு வாரம் காத்திருக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

பொருளுக்கும் பஞ்சமில்லை. பொள்ளாச்சியில் தென்னை நார் விரிப்பு நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். கிராமச் சாலைத் திட்டத்தில் அதைப் பயன்படுத்த 2020இல் மத்திய அரசே வழிவிட்டது. வெட்டிய சரிவில் விரித்து முளைக்குச்சி அடித்து, புல் விதையையோ வெட்டிவேரையோ இறக்கினால், நார் மக்கிப் போவதற்குள் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் சாலையின் சரிவு ஒன்றரை வருடமாக மொட்டையாகக் கிடக்கிறது.

அப்புறம் ஒன்று. கான்கிரீட் இறக்கிய மிக்ஸர் வண்டியைப் பள்ளத்தோரம் நிறுத்திக் கழுவுகிறார்கள். சுண்ணாம்புக் காரம் ஏறிய தண்ணீர் அது, மீனுக்கு ஆகாது. தார்ப்பாய் விரித்த ஒரு குழிக்குள் கழுவச் சொன்னால் முடிகிற காரியம்.

அடுத்த மழைக்கு மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்குள் வாருங்கள். ஜீப்பை மேட்டிலேயே விட்டுவிடலாம். பாட்டில்கள் இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பள்ளத்துக்கு இறங்க, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாக ஒரு தடம் இருக்கிறது. வழுக்கும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
குட்டைக்குக் கீழே இரண்டு ஏக்கர் காடு வைத்திருக்கும் ஒருவன்