ஃபைல் ஏற்றித் தரும் அண்ணன்மார்களுக்கு, ஒரு 86 ஓட்டுபவன் எழுதுவது

கிள்ளான் பள்ளத்தாக்கில் கார் டியூனிங் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, வணக்கம்.

என்னிடம் இருப்பது பழைய டொயோட்டா 86. இந்தக் காரைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேர் சொல்வது "அந்தக் குழியை எடுத்துடலாம் பாஸ்" என்பதுதான். குழி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 3500 ஆர்பிஎம் தாண்டியதும் கார் மூச்சைப் பிடித்துக்கொண்டது போல ஆகி, 4500 பக்கம் போன பிறகுதான் மறுபடி இழுக்கும். ஹெடரை (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) மாற்றி, எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று என்ஜின் கணினிக்குச் சொல்லும் மேப்பையும் சரியாக எழுதினால் அது பெரும்பாலும் போய்விடும். அந்த "மேப்பையும் சரியாக" என்ற இடத்தில்தான் எனக்கும் உங்களுக்கும் வழக்கு.

போன வருடம் ஒரு கடையில் இன்டேக் (காற்று உள்ளே போகும் குழாய்), கேட் (புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) இல்லாத ஹெடர், சைலன்சர் மூன்றையும் மாட்டினேன். மாட்ட ஒரு நாள் பிடித்தது. டியூனிங்குக்கு இருபது நிமிடம். லேப்டாப்பைச் செருகி "ஸ்டேஜ் 2" என்ற ரெடிமேட் மேப் ஃபைலை ஏற்றினார்கள், நான் தே தாரிக்கைக் குடித்து முடிப்பதற்குள் பில் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கெந்திங் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தபோது, மைலோ டின்னில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். ஊற்றியிருந்தது ரோன் (பெட்ரோலின் ஆக்டேன் எண்) 97 தான். காலை எடுத்துவிட்டு, பின்னால் வந்த மைவி ஹாரன் அடிக்க அடிக்க, மெதுவாக ஏறி முடித்தேன்.

லாக் (ஓட்டும்போது என்ஜின் காட்டும் எண்களின் பதிவு) எடுக்கத் தெரிந்த நண்பன் ஒருவன் வந்து பார்த்தான். சாதாரணமாக ஓட்டும்போதே எரிபொருள் திருத்தம் 14 விழுக்காடு கூட்டலில் நின்றது, அதாவது கணினி தானாகவே அவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தது. ஐஏஎம் என்று ஒரு எண் உண்டு, உங்களுக்குத் தெரியும், என்ஜின் நாக் ஆகாமல் (அந்தக் கூழாங்கல் சத்தம்தான் நாக், பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) நிம்மதியாக இருந்தால் 1 காட்டும். என்னுடையது 0.6.

காரணம் ஒன்றும் பரம ரகசியம் இல்லை. இன்டேக்கில் இருக்கும் மாஃப் சென்சார் (காற்றளவு சென்சார்) காற்றை நேராக எடை போடுவதில்லை. சூடான ஒரு கம்பியைக் காற்று எவ்வளவு குளிர வைக்கிறது என்று பார்த்து, தன் குழாயின் அகலம் இவ்வளவு என்ற நம்பிக்கையில் கணக்குச் சொல்கிறது. உதாரணத்துக்கு 70 மில்லிமீட்டர் குழாய் இருந்த இடத்தில் 76 மாட்டினால் பரப்பு சுமார் 18 விழுக்காடு கூடும். சென்சார் அதே வோல்ட்டைக் காட்டும், காற்று மட்டும் அதிகமாகப் போகும். மெதுவாக ஓட்டும்போது புகைக் குழாயில் இருக்கும் முன் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ (என்ஜின் கணினி) பெட்ரோலைக் கூட்டிச் சமாளித்துக்கொள்கிறது. முழுதாக மிதிக்கும்போது அப்படி உடனுக்குடன் திருத்துவதில்லை, ஏற்கெனவே கற்று வைத்தது கைகொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.5 பங்கு காற்று கேட்ட இடத்தில் 14.7 ஓடும். அமுக்க விகிதம் 12.5:1 இருக்கிற என்ஜின், நம் ஊர் வெயில், அதற்கு மேல் இது. கல் குலுங்காமல் என்ன செய்யும்?

அந்த ஃபைல் எந்த ஊர்ப் பெட்ரோலுக்கு எழுதியது என்று கேட்டேன். "91க்கே ஓடும் பாஸ், அமெரிக்கா ஃபைல்" என்றார்கள். அமெரிக்க பம்பில் எழுதியிருக்கும் 91 நம் ரோன் கணக்கே இல்லை, வேறு அளவுகோல். நம் கணக்கில் அது 95, 96 பக்கம் வரும். இது கடைக்காரருக்குத் தெரியாமல் இருந்ததா, எனக்குத் தெரியாது என்று நினைத்தாரா, இன்றுவரை புரியவில்லை.

அப்புறம் ஈப்போவில் ஒருவரிடம் போனேன். அவர் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை, முதலில் புகை விட்டுக் கசிவு தேடினார். ஹெடர் கேஸ்கெட் ஓரத்தில், அந்த ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாலேயே, மெல்லிசாக ஒரு கோடு போலப் புகை வந்தது. அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று பொய் சொல்லும், அதை நம்பி எழுதும் மேப்பும் பொய்யாகத்தான் இருக்கும். ஆக, அந்த 14இல் எவ்வளவு இன்டேக், எவ்வளவு கேஸ்கெட் என்று முதல் கடையில் யாரும் பார்க்கவே இல்லை. கேஸ்கெட் மாற்றிய பிறகு ரோட்டில் ஓட்டி மாஃப் டேபிளைச் சரிசெய்தார். இக்னிஷன் டைமிங்கை டைனோவில் (காரை நிறுத்தி வைத்தே சக்தி அளக்கும் மெஷின்) ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, டார்க் (முறுக்கு விசை) கூடாமல் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே விட்டுவிட்டார். முழு நாள் வேலை. கையில் கிடைத்த குதிரைத்திறன் எண், முதல் கடை வாயால் சொன்னதைவிடக் குறைவு. எனக்குக் கவலையில்லை, ஒவ்வொரு டைனோவும் ஒரு எண் சொல்லும். குழி போய்விட்டது, ஐஏஎம் 1இல் நிற்கிறது.

கேட்டை எடுத்தது என் தவறு, உங்கள் தலையில் போட மாட்டேன். ஆனால் கேட் சரியாக வேலை செய்யவில்லை என்று எச்சரிக்கும் பி0420 எரர் கோட்-ஐ ஃபைலிலேயே அணைத்துவிட்டு "லைட் வராது பாஸ்" என்று அதை ஒரு வசதி போல விற்காதீர்கள். சிக்னலில் நிற்கும்போது வந்த நாற்றம் தாங்காமல் நானே கேட் உள்ள ஹெடருக்கு மாறிவிட்டேன், அதற்கு மறுபடி ஒரு டியூனிங் செலவு.

கேட்பது இவ்வளவுதான். பார்ட்ஸ் மாட்டும் முன் ஒரு லாக், மேப் எழுதிய பின் அதே ரோட்டில், அதே பெட்ரோலில், என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு இன்னொரு லாக். இரண்டையும் காரோடு சேர்த்துக் கொடுங்கள். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் பணம் கேளுங்கள், தருகிறேன், என்னைப் போல நிறையப் பேர் தருவார்கள். வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் மட்டும் வேண்டாம், லாக் ஃபைலாகவே அனுப்புங்கள்.