செயலாளர் ஆண்டறிக்கை 2024: புர்க்ஹவுசன் ஜாஸ் வாரத்தின் வரலாற்றைத் தொகுக்கும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். சங்க விதிகளின்படி 2024ஆம் ஆண்டின் செயல்பாடுகளை உங்கள் முன் வைப்பது செயலாளரின் கடமை. அதனுடன், நாம் மேற்கொண்டுள்ள வரலாற்றுத் தொகுப்புப் பணியைப் பற்றி இம்முறை சற்று விரிவாகவே சொல்ல அனுமதி வேண்டுகிறேன். இந்தப் பணிக்குச் சங்கத்தின் பணத்தை எதற்காகச் செலவிட வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் கேள்வி எழுந்தது. அதற்கு முழுமையான விடை சொல்ல அன்று நேரம் போதவில்லை. இன்று எழுத்து மூலமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஓர் இரங்கல். ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள நம் புர்க்ஹவுசனின் ஆண்டு இசைவிழாவான ஜாஸ் வாரத்தை 1970இல் ஹெல்முட் ஃபியர்ட்லுடன் இணைந்து தொடங்கியவரும், பல பத்தாண்டுகள் அதன் கலை இயக்குநராக விளங்கியவருமான சாக்சஃபோன் கலைஞர் ஜோ வியேரா 2024இல் தமது 91ஆவது வயதில் காலமானார். மியூனிக் நகரத்தில் பிறந்த அவரை நம் ஊர்க்காரராகவே நாம் எண்ணிப் பழகியிருந்தோம். அன்னாருக்குச் சங்கத்தின் சார்பில் அஞ்சலி செலுத்துகிறோம்.

செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடைபெற்றன. காலாண்டுக்கு ஒன்றாகத் திட்டமிட்ட சிறு கச்சேரிகள் நான்கும் நடந்தேறின. கோடைக்கால ஒன்றுகூடல் மழையின் காரணமாக உள்ளரங்கில் நடைபெற்றது. மாதாந்திர இசைகேட்பு மாலைகள் தடையின்றி நடந்தன, வருகைதான் மனநிறைவு அளிக்கவில்லை.

இனி வரலாற்றுப் பணிக்கு வருகிறேன். நம் ஊரின் மக்கள்தொகை இன்றும் இருபதாயிரத்தை எட்டவில்லை. சால்சாக் ஆற்றைக் கடந்தால் ஆஸ்திரியா. மேலே 1,051 மீட்டர் நீளத்துக்குக் கோட்டை, கீழே பழைய நகரம், மேட்டில் வாக்கர் வேதித் தொழிற்சாலை, இவ்வளவுதான் ஊர். இப்படிப்பட்ட ஊரில் 1970இல் ஒரு ஜாஸ் விழா தோன்றி, அரை நூற்றாண்டைத் தாண்டியும் உயிரோடு இருப்பது எப்படி என்ற கேள்வியே இப்பணியின் மையம்.

ஜெர்மனியில் ஜாஸ் பட்ட பாடு இளைய உறுப்பினர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1935 அக்டோபரில் நாஜி ஆட்சி வானொலியில் இந்த இசையைத் தடை செய்தது. போர் முடிந்த பிறகு, பவேரியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினரின் வானொலி மியூனிக்கிலிருந்து ஒலிபரப்பிய இசையைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. 1953இல் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் 1964இல் பெர்லினிலும் பெரிய ஜாஸ் விழாக்கள் தொடங்கின. அவை பெருநகரங்கள், அரங்கும் பத்திரிகைகளும் வானொலி நிலையமும் அங்கேயே இருந்தன. புர்க்ஹவுசனுக்கு அவற்றில் எதுவும் இல்லை. மியூனிக்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி, எல்லையோரத்தில் இருக்கும் ஊர் இது.

இருந்தவை இரண்டு என்பது என் கணிப்பு. ஒன்று, தொழிற்சாலை. 1914இல் அலெக்சாண்டர் வாக்கர் நிறுவிய நிறுவனம் ஆல்ஸ் ஆற்றுக் கால்வாயின் நீர்மின்சாரத்தை நம்பி இங்கே ஆலை அமைத்தது. ஜெர்மனியில் தொழில் வரியின் பெரும்பகுதி உள்ளாட்சிக்கே சேர்வதால், ஊரின் அளவுக்கு மிஞ்சிய வருவாய் நகராட்சிக்குக் கிடைத்தது. கலைக்கென ஒரு தொகையை ஒதுக்கும் தெம்பும் வந்தது. வேலைக்காகப் பல ஊர்களிலிருந்தும் வந்து குடியேறிய வேதியியலாளர்களும் பொறியாளர்களும் இசைத்தட்டுகளோடு வந்தார்கள். விழாவின் முதன்மை அரங்கம் இன்றும் அந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய வாக்கர்ஹாலே என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தொடர்பு விளங்கும்.

இரண்டாவது, வியேராவின் ஆசிரிய மனம். விழா தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், 1972இல், அவர் இங்கே ஜாஸ் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். தொழில்முறைக் கலைஞராக வேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஆசிரியர்களும் மாணவர்களும் ஆலைப் பணியாளர்களும் கருவியைக் கையில் எடுத்தார்கள். ஒரு சுரவரிசை எவ்வளவு கடினம் என்பதைத் தன் விரல்களால் அறிந்தவர் கச்சேரியில் உட்கார்ந்து கேட்கும் விதமே வேறு. வெளியூர்க் கலைஞர்கள் இந்த ஊர் அவையை மெச்சினார்கள் என்றால் அதற்கு இந்த வகுப்புகளே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே 1972இல் நாட்டின் மறுகோடியில் மோர்ஸ் நகரத்திலும் ஒரு விழா பிறந்தது. வழக்கமான இசைக் கட்டுகளை உதறிவிட்டு இசைக்கும் கட்டற்ற ஜாஸின் கோட்டையாக அது பெயர் பெற்றது. நம் விழாவோ ஸ்விங், புளூஸ், பீபாப் முதல் இன்றைய இசை வரை எல்லாவற்றுக்கும் மேடை கொடுத்தது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. சிற்றூர் விழா ஒன்று ஒரே பாணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் உள்ளூர் மக்களை எப்போதோ இழந்திருக்கும் என்பதே அவர்களுக்கு என் விடை.

இந்த வரலாற்றின் ஒரு பாதி நன்றாகவே காப்பாற்றப்பட்டுள்ளது. பழைய நகரத்தின் குரூபன் தெருவில் கவுண்ட் பேசி, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், டிசி கில்லெஸ்பி போன்ற மேதைகளின் பெயர்கள் வெண்கலத் தகடுகளில் பொறிக்கப்பட்டுத் தரையில் பதிக்கப்பட்டுள்ளன. பவேரிய வானொலி தான் ஒலிபரப்பிய கச்சேரிகளைத் தன் காப்பகத்தில் வைத்திருக்கிறது. 2009 முதல் வழங்கப்படும் ஐரோப்பிய இளங்கலைஞர் பரிசின் முடிவுகள் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. மேடையேறியவர்களின் வரலாற்றுக்குப் பஞ்சமில்லை. மேடையைப் போட்டவர்களின் வரலாறுதான் யாரிடமும் இல்லை. மாவுட்னர் மாளிகையின் நிலவறையில் நள்ளிரவு தாண்டியும் இசைத்தவர்களுக்குச் சூப் வைத்தது யார், விடுதி அறைகள் நிரம்பிய ஆண்டுகளில் தம் வீட்டு மாடியறையைக் கொடுத்தது யார், அரங்கத்தில் நாற்காலி அடுக்கியது யார் என்பவையெல்லாம் சிலருடைய நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

எடுத்துக்காட்டாக, மறைந்த உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தார் இவ்வாண்டு நமக்கு அளித்த ஒரு குறிப்பேட்டைச் சொல்கிறேன். அவர் விழாக் காலங்களில் கலைஞர்களை விமான நிலையத்திலிருந்து தம் காரில் அழைத்து வந்த தன்னார்வலர். பச்சை அட்டை போட்ட சிறிய கோடிட்ட ஏடு அது. ஒவ்வொரு பக்கத்திலும் விமானம் இறங்கும் நேரம், ஆட்கள் எத்தனை, என்ன கருவி என்று மூன்று பத்திகளைப் பென்சிலால் பிரித்திருக்கிறார். ஆளுயர நரம்பிசைக் கருவியான டபுள் பாஸ் வரும் நாளில் அந்தச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடுகள் இழுத்து, ‘பின்னிருக்கையை மடக்கு, போர்வை எடு’ என்று எழுதியிருக்கிறார். தொடக்கத்துப் பக்கங்களில் எல்லாம் விமான நிலையத்தின் பெயர் ரீம் என்றே இருக்கிறது. 1992 மே மாதத்தில் மியூனிக் விமான நிலையம் ரீமிலிருந்து எர்டிங் பக்கம் இடம்பெயர்ந்த பிறகு, அடுத்த விழாவுக்கான பக்கத்தில் புதிய பாதையைச் சிறு வரைபடமாகவே போட்டு வைத்திருக்கிறார். ‘பனி, ஒரு மணி நேரம் தாமதம், பியானோ கலைஞர் வழியெல்லாம் உறங்கினார்’ என்று ஒரு மார்ச் மாதக் குறிப்பு. எந்த விழா மலரிலும் இது இல்லை. இவ்வேடு பழைய தாள்களோடு குப்பைக்குப் போக இருந்தது என்று அக்குடும்பத்தாரே சொன்னார்கள். சங்கத்தின் பணம் எதற்கு என்ற கேள்விக்கு என் விடை இந்த ஏடுதான்.

பணியின் நிலை வருமாறு. சுவரொட்டிகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்த நிலையிலிருந்து எடுக்கப்பட்டு, அமிலமற்ற தாள்களுக்கிடையே தட்டையாக அடுக்கப்பட்டு வருகின்றன. நிகழ்ச்சி மலர்களில் துருவேறிய பின்னூசிகள் ஒவ்வொன்றாக அகற்றப்படுகின்றன, ஏனெனில் துருவே தாளைத் தின்கிறது. பெருந்தொற்றினால் 2020இல் ரத்தான விழாவின் அச்சுப் பொருள்களையும் தனி உறையில் சேர்த்துள்ளோம். நடைபெறாத விழாவும் இவ்விழாவின் வரலாற்றில் ஒரு பகுதிதான். மூத்தோரிடம் நேர்காணல்கள் எடுத்து, ஒவ்வொருவரிடமும் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்கிறோம்.

ஒலிநாடாக்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எழுபதுகளில் தனியார் பதிவு செய்த சில நாடாக்கள் வந்துள்ளன. அக்காலத்து நாடாக்கள் சிலவற்றில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் ஒலியும் சேர்ந்து உரிந்து போகும். குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்திய பின்னரே ஒருமுறை ஓட்டிப் பிரதி எடுக்க முடியும். இதைத் தொழில்நுட்பம் அறிந்தவரே செய்ய வேண்டும், செலவும் பிடிக்கும். பிரதி எடுத்தாலும் இசைத்த கலைஞர்களின் ஒப்புதல் இல்லாமல் அதை வெளியிடச் சட்டம் இடம் தராது. ஆகவே “இணையத்தில் போட்டுவிடலாமே” என்று வற்புறுத்தும் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். அழியவிடாமல் காப்பதே இப்போதைய நோக்கம்.

இவ்விடத்தில் வருத்தத்தோடு சில செய்திகளைப் பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன். பழைய படங்கள், சீட்டுகள், கடிதங்கள் இருந்தால் தருமாறு உறுப்பினர் அனைவருக்கும் கடிதம் அனுப்பினோம். வந்த பதில்கள் மிகக் குறைவு. “பரணில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, தேடித் தருகிறேன்” என்று வாக்களித்தவர்களில் பலரிடமிருந்து பெட்டி இன்னும் வரவில்லை. பொருள்களைத் தரம் பிரிக்கும் சனிக்கிழமைகளில் எப்போதும் வரும் அதே சில கைகள்தான் வந்தன. விழா நாட்களில் முன்வரிசையில் அமர்ந்து, தாம் இச்சங்கத்தின் நெடுங்கால உறுப்பினர் என்று விருந்தினரிடம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சிலரை, ஆண்டின் மற்ற நாட்களில் காண்பதே அரிதாக இருக்கிறது. காப்பறைக்கு இடம் தருவதாக வாய்மொழியாக உறுதி கூறிய ஓர் அமைப்பு, எழுத்து மூலம் கேட்ட பிறகு மறுமொழியே தரவில்லை. ஆகவே சேகரிப்பு இன்னமும் ஆற்றங்கரை வீடொன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. 2013 ஜூனில் சால்சாக் பெருகியபோது கரையோர வீடுகள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அந்தக் கீழ்த்தளத்தைப் பற்றி நான் ஏன் கவலைப்படுகிறேன் என்பதை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சந்தா நிலுவையும் அவ்வாறே. கணிசமான உறுப்பினர்கள் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலரிடம் முந்தைய ஆண்டின் நிலுவையும் சேர்ந்துள்ளது. வங்கிக் கணக்கை மாற்றியவர்கள் நமக்குத் தெரிவிக்காததால், சந்தாவைக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் தானியங்கிப் பற்று திரும்பி வந்து, அதற்கான வங்கிக் கட்டணமும் சங்கத்தின் தலையில் விழுகிறது. நினைவூட்டல் கடிதத்தால் மனம் புண்பட்டதாகச் சிலர் கூறியதைக் கேள்விப்பட்டேன். பொருளாளரின் வேண்டுகோளின்படி அனுப்பப்பட்ட அக்கடிதம் அனைவருக்கும் ஒரே வாசகத்தில்தான் சென்றது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா, நன்கொடை, காப்பி-கேக் விற்பனை ஆகியவற்றால் வந்த வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகியுள்ளன. இசை உரிமைக் கழகமான கெமாவுக்குரிய கட்டணம், கச்சேரிகளுக்கு வந்த இசைஞர்களின் ஊதியத்தின் மீது கலைஞர் சமூகக் காப்பு நிதிக்கு 2024இல் செலுத்த வேண்டியிருந்த 5 விழுக்காடு, அரங்க வாடகை, காப்புப் பெட்டிகள் ஆகியவை முக்கியச் செலவுகள். கையிருப்பு சற்றுக் குறைந்திருந்தாலும் கவலைப்படும் நிலை இல்லை. கணக்குகள் ஒழுங்காக உள்ளதாகத் தணிக்கையாளர்கள் சான்றளித்துள்ளனர்.

ஆண்டு முழுவதும் வழிகாட்டிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழுவினர், தணிக்கையாளர்கள், கேக் செய்து தந்த இல்லத்தரசிகள், விழா நாட்களில் உதவிய தன்னார்வலர்கள், நகராட்சியினர் ஆகியோருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. கீழ்த்தளத்தைக் கட்டணமின்றித் தந்துதவும் குடும்பத்தாருக்குத் தனிப்பட்ட நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். நேர்காணலுக்குரிய மூத்தோரின் பட்டியல் கையில் இருக்கிறது. அதில் உள்ளவர்கள் நம் வசதிக்காகக் காத்திருக்க மாட்டார்கள். கேட்பதற்கு ஒருவரும் எழுதுவதற்கு ஒருவருமாக இருவர் சேர்ந்து சென்றால்தான் நேர்காணல் சரியாக அமைகிறது. அந்த இரண்டாவது ஆளை ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கிறது. செயலாளர் பொறுப்பில் தொடர்வதற்கு எனக்குத் தயக்கமில்லை. எனினும், வரலாற்றுப் பணிக்கெனத் தனித் துணைக்குழு ஒன்றை இப்பொதுக்குழு அமைக்காவிட்டால், சேகரித்தவற்றைத் தகுந்த பொதுக் காப்பகம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டுப் பணியை நிறுத்திக்கொள்வதே முறை என்று செயற்குழுவிடம் தெரிவித்துவிட்டேன். வெள்ளம் எட்டாத உயரத்தில், உலர்ந்த சிறு அறையொன்று யாரிடமாவது பயன்பாட்டில் இல்லாமல் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லலாம். துணைக்குழுவில் சேர விரும்புவோர் கையெழுத்திட வாயில் மேசையில் தாள் வைக்கப்பட்டுள்ளது. அதன் அருகிலேயே பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்