தம்பிக்கு, பிலடெல்பியாவிலிருந்து

அப்பர் டார்பி, பென்சில்வேனியா
8 ஏப்ரல் 2018, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருப்பதாக அம்மா சொன்னதும் மனது லேசானது. குறைந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார், நீதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் நீ போனில் பேசியது இன்னும் காதிலேயே நிற்கிறது. "ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் அக்கா" என்றாய். இரண்டு வருடமாகக் காலைக் கூடைப்பந்துப் பயிற்சிக்கு நீ ஒருநாள் தவறியதில்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிவதில் அந்த அணியில் உன்னை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐந்து பேரில் உன் பெயர் வருவதில்லை. அப்போது எனக்கு இரவு வேலைக்குக் கிளம்பும் நேரம், வார்த்தையும் வரவில்லை. வைத்துவிட்டேன். அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. போனில் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றி. ஊரில் எல்லோரிடமும் "பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்" என்று மட்டுமே சொல்லியிருக்கிறேன். எனக்கென்று வார்டு கிடையாது. ஃப்ளோட் நர்ஸ் என்று பெயர். எந்த மாடியில் அன்று ஆள் குறைகிறதோ அங்கே அனுப்புவார்கள். இரவு ஏழு மணிக்கு ஒரு காகிதத்தில் பார்த்தால்தான் இன்றைக்கு இதய நோயாளிகளா, எலும்பு முறிவா, அறுவை சிகிச்சை முடிந்தவர்களா என்று தெரியும். நிரந்தரமாக இருப்பவர்களுக்கு மேசை இருக்கிறது, பெயர் எழுதிய காப்பிக் கோப்பை இருக்கிறது. நான் போய் நின்றால் "நீங்கள் எந்த வார்டு?" என்று கேட்பார்கள். மதுரையில் ஆறு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவள் நான். முதல் மூன்று மாதம் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

இந்த ஊரின் குளிரைப் பற்றி நீ கேட்டிருந்தாய். மார்ச் மாதம் மட்டும் நான்கு பனிப்புயல். பங்குனி வெயிலில் நீங்கள் மாங்காய் பறிக்கும் நேரத்தில் நான் வாசல் படியில் மண்வாரி கொண்டு பனியை அள்ளிக்கொண்டிருந்தேன். வாசலைச் சுத்தம் செய்து வைப்பது வீட்டில் இருப்பவர் பொறுப்பு. எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். பக்கத்து வீட்டில் லைபீரியாக்காரர்கள், எதிரே வங்காளதேசக் குடும்பம். வெண்டைக்காயும் கறிவேப்பிலையும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கின்றன. முருங்கைக்கீரைக்குத்தான் ஏங்குகிறேன்.

இனி, நான் சொல்ல வந்த ஆளைப் பற்றி.

69-ஆம் தெரு நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வில்லனோவா வந்துவிடும். அகஸ்டீனியத் துறவிகள் 1842-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். என்னோடு வேலை பார்க்கும் மூத்த நர்ஸ் ஒருவரின் மகள் அங்கே படிக்கிறாள். ஜனவரித் தொடக்கத்தில் அவர்கள் என்னை ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். கல்லூரி அரங்கத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்ததால் இந்த வருடம் நகரத்தின் பெரிய அரங்கத்தில்தான் ஆடினார்கள். கல்லூரிப் பையன்கள் ஆடுவதைப் பார்க்க இவ்வளவு கூட்டமா என்று மலைத்துப்போனேன். பெரியகுளத்தில் மே மாதப் போட்டிக்கு விளக்கு வெளிச்சத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து நீ ஆட்டம் பார்த்தாயே, அந்த ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் இருக்கை கூரைக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் ஆடுகளத்தைவிட பெஞ்ச் தெளிவாகத் தெரிந்தது. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடம் கழித்து 10-ஆம் எண் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து பதிவாளர் மேசை முன்னால் போய்க் காத்திருந்தார். செம்பட்டை முடி, 6 அடி 5 அங்குல உயரம். உன்னைப் போலவே கார்டு, பந்தைக் கொண்டுபோய் வெளியிலிருந்து எறிகிற ஆட்டக்காரர். உடனே அரங்கத்தில் ஒரு சலசலப்பு. "இவர்தான் டான்டே, மாற்று ஆட்டக்காரர்" என்றாள் அந்தப் பெண். மாற்று ஆட்டக்காரர் எழுந்ததற்கு ஜனங்கள் கை தட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

டான்டே டிவின்சென்சோ பக்கத்து மாநிலமான டெலவேரைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை மாநிலக் கோப்பை வென்ற அணியின் நட்சத்திரம். பயிற்சியாளர் ஜே ரைட் விளையாட்டாக அவரை "டெலவேரின் மைக்கேல் ஜோர்டான்" என்று கூப்பிடப்போய் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவர் 2015-இல் கல்லூரிக்கு வந்தார். சில ஆட்டங்கள்தான், பாதத்தில் எலும்பு முறிந்துவிட்டது. அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. 2016 ஏப்ரலில் வில்லனோவா கடைசி நொடியில் எறிந்த ஒரு பந்தில் தேசியக் கோப்பையை வென்றபோது அவர் ஆட முடியாமல் ஓரத்தில் நின்றார்.

ஆனால் அந்த வருடம் அவர் சும்மா இருக்கவில்லை என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும். அரையிறுதியில் எதிரணி ஓக்லஹோமா. அங்கே பட்டி ஹீல்ட் என்று ஒருவர், அந்த வருடம் நாட்டிலேயே பெரிய எறிவீரர். பயிற்சியில் யாராவது ஹீல்டைப் போல ஆடிக் காட்டினால்தானே மற்றவர்கள் தடுக்கப் பழக முடியும்? அந்த வேடம் டிவின்சென்சோவுக்குக் கிடைத்தது. தன் அணித் தோழர்களுக்கு எதிராக நின்று எறிந்து தள்ளினார். ஆட்ட நாளில் ஹீல்டால் 9 புள்ளிதான் எடுக்க முடிந்தது. வில்லனோவா 95-51 என்று வென்றது. புள்ளிப் பட்டியலில் டிவின்சென்சோ பெயரே கிடையாது. அந்த வெற்றியில் அவருக்கும் பங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தப் பருவத்திலும் அவர் மாற்று ஆட்டக்காரர்தான். ஜனவரிக் கடைசியில் ஃபில் பூத் என்ற கார்டுக்குக் கையில் எலும்பு முறிந்தது. டிவின்சென்சோ முதல் ஐவரில் இறங்கினார், பிரமாதமாக ஆடினார். பூத் குணமாகித் திரும்பியதும் மறுபடியும் பெஞ்ச். இந்த இடத்தை நினைக்கும்போதுதான் உன் முகம் என் கண்ணில் வருகிறது. கிடைத்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பது, கிடைக்காமலே இருப்பதைவிடக் கடினம். அவர் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 13 புள்ளிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஆடும் பிக் ஈஸ்ட் என்ற கல்லூரி அணிகளின் பிரிவில் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர், அதாவது சிறந்த மாற்று ஆட்டக்காரர், விருதும் அவருக்கே கிடைத்தது. ஆறாவது ஆளுக்கென்று தனியாக ஒரு விருது வைத்திருக்கிறார்கள், பார்.

போன திங்கள் இரவு தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டம், டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தில். இங்கே இரவு ஒன்பது இருபது. உனக்கு அது செவ்வாய்க்கிழமை காலை, பயிற்சிக்குப் போயிருப்பாய். எனக்கு அன்று விடுமுறை. மூத்த நர்ஸ் வீட்டில் பார்த்தோம். எதிரணி மிஷிகன். தொடக்கத்தில் வில்லனோவாவுக்கு எதுவும் அமையவில்லை. 21-14 என்று மிஷிகன் முன்னால் போய்விட்டது. நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் என்று பெயர் வாங்கிய வில்லனோவாவின் ஜேலன் பிரன்சனுக்கே பந்து விழவில்லை, அன்றைய ஆட்டம் முழுக்க அவர் எடுத்தது 9 புள்ளி.

அப்போதுதான் 10-ஆம் எண். மூன்று புள்ளி எறிந்தார், விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. யாராவது நெருங்கி வந்தால் ஊடே புகுந்து வளையத்தை ஒட்டி எழும்பிப் பந்தைப் போடும் லே-அப். பாதி ஆட்டம் முடிந்தபோது அவர் மட்டும் 18 புள்ளி, வில்லனோவா 37-28. இரண்டாம் பாதியிலும் ஓயவில்லை. ஒரு மிஷிகன் வீரர் வளையத்தருகே எம்பி எறிய, இவர் அவருக்கும் மேலே எழும்பிப் பந்தைத் தடுத்தார். அந்த வீட்டு மகள் சோபாவில் ஏறி நின்றுவிட்டாள். கடைசியில் 79-62. டிவின்சென்சோவின் கணக்கு 31 புள்ளி, மூன்று புள்ளிக்காக எறிந்த ஏழு பந்துகளில் ஐந்து உள்ளே. இறுதி ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்த ஒருவர் இதற்கு முன் இவ்வளவு எடுத்ததே இல்லை. சிறந்த வீரர் பட்டமும் அவருக்குத்தான்.

இந்த 2018 பருவத்தில் இங்கே கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு ஏறக்குறைய 6.32 மீட்டரில் இருந்தது. நீ எறிவது 6.75 மீட்டரிலிருந்து. இதையும் மனதில் வைத்துக்கொள்.

வியாழக்கிழமை நகரத்தில் ஊர்வலம். இரவு வேலை முடிந்து தூங்காமல் நேரே மார்க்கெட் தெருவுக்குப் போனேன். இதே நகரத்தில் பிப்ரவரியில்தான் அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் ஊர்வலம் நடந்தது. அங்கேயும் இதே கதை. முதன்மை வீரர் கார்சன் வென்ட்ஸ் டிசம்பரில் முழங்காலில் அடிபட்டு விழ, மாற்று வீரர் நிக் ஃபோல்ஸ் வந்து, சூப்பர் பௌல் என்கிற இறுதி ஆட்டத்தை வென்று கொடுத்தார். மேல்தளம் திறந்த பஸ்ஸில் வில்லனோவா பையன்கள் கை அசைத்துக்கொண்டு போனார்கள். நீல நிறத் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் என் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். எனக்கும் தொண்டை அடைத்தது.

தம்பி, நீ 31 புள்ளி எடுப்பாய் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த இறுதி ஆட்டத்தை இணையத்தில் தேடி மறுபடியும் பார்த்தேன். அவர் இறங்கிய முதல் நிமிடத்திலேயே, மிஷிகன்காரர்கள் எந்த இடத்தில் விலகி நிற்கிறார்கள் என்று தெரிந்தவரைப் போல ஆடினார். அதை உட்கார்ந்திருந்த நேரத்தில்தானே பார்த்திருக்க முடியும்? எனக்கு உறைத்தது அதுதான். நான் புதிய வார்டுக்குள் போகும்போது முதல் ஐந்து நிமிடம் எதையும் தொடுவதில்லை. க்ராஷ் கார்ட் என்கிற அவசர வண்டி எங்கே நிற்கிறது, எந்தக் கட்டிலில் மூச்சு வேகமாக இருக்கிறது, எந்த மானிட்டரின் சத்தத்தை எல்லோரும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். போன மாதம் அப்படிப் பார்த்ததில்தான், தூங்குவதாக எல்லோரும் நினைத்திருந்த ஒரு பெரியவருக்குச் சர்க்கரை இறங்கிப்போயிருந்ததைக் கண்டுபிடித்தேன். அந்த வார்டில் தினமும் இருப்பவர்களுக்கு அவர் தூங்குவது பழகிப்போயிருந்தது. எனக்குப் பழகவில்லை, அதனால் பார்த்தேன். காலையில் அந்த வார்டின் பொறுப்பாளர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நீ பெஞ்சில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தரையைப் பார்ப்பாய் என்று உன் நண்பன் ஒருமுறை சொன்னான். அந்தத் துண்டை எடுத்துவிடு.

அடுத்த ஆட்டம் முடிந்ததும் எனக்கு எழுது. எத்தனை நிமிடம் ஆடினாய் என்று நான் கேட்கமாட்டேன். உன்னைத் தடுக்க வரப்போகிறவன் எந்தக் காலில் முதலில் சாய்கிறான், அவன் கை எப்போது தாழ்கிறது, எத்தனையாவது நிமிடத்தில் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்குகிறது, இதையெல்லாம் பார்த்து ஒரு பக்கம் எழுதி அனுப்பு.

ஷூ அளவு 10 என்றாய். இங்கே அதே எண்ணுக்கு அளவு கொஞ்சம் மாறும். வெள்ளைத் தாளில் பாதத்தை வைத்துப் பென்சிலால் வரைந்து அதையும் சேர்த்து வை. இரண்டு காலையும் வரை.

அன்புடன்,
அக்கா