டிரெய்னிகளை அடுப்பருகே விடுங்கள்: ஓட்டல் தலைமைச் செஃப்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செஃப்களுக்கு,

வணக்கம். நான் 18 வருடமாக ஓட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். உங்களிடம் டிரெய்னிங்குக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

நுழைவுத் தேர்வு எழுதி தரமணியில் உள்ள ஐ.எச்.எம். என்ற ஓட்டல் நிர்வாகக் கல்லூரியில் 3 வருடம் படித்தாலும் சரி, ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம் படித்தாலும் சரி, தொழில் கைக்கு வருவது உங்கள் சமையலறையில்தான். ஒரு ஆர்டர் வெந்துகொண்டிருக்கும்போதே அடுத்த நாலு ஆர்டர் வந்து விழும் சனிக்கிழமை இரவைக் கல்லூரி லேபில் பார்க்க முடியாது.

நான் டிரெய்னியாக இருந்த ஓட்டலில் முதல் இரண்டு மாதம் வெங்காயம் உரித்து நறுக்கினேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. விரல் நுனியை உள்ளே மடக்கி, முட்டியில் கத்தி உரச நறுக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. ஆனால் மூன்றாவது மாதமும் அதே மூலை, அதே மூட்டை. அதுதான் வலித்தது.

ஒருநாள் கறி செக்‌ஷனில் ஆள் வரவில்லை. "வாடா தம்பி, கரண்டியைப் பிடி" என்றார் மாஸ்டர். பெரிய அண்டாவில் கிரேவிக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. "கண்ணை மூடிட்டுக் கேளு." தண்ணீர் இருக்கும்வரை சளசளவென்று சத்தம். வற்ற வற்ற அது மெலிந்து, எண்ணெயில் பொரிகிற சத்தமாக மாறியது. "இப்போ போடு இஞ்சி பூண்டு." இன்றைக்கும் அண்டா முன்னால் நின்றால் நான் முதலில் காதைத்தான் கொடுக்கிறேன்.

அந்த வாய்ப்பு எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. இவர்களுக்கு முறையாகக் கிடைக்கட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு செக்‌ஷனில் நிறுத்துங்கள். ஸ்டாஃப் சாப்பாட்டை அவர்களைச் சமைக்க விடுங்கள். உப்பு கூடினாலும் கெஸ்ட் மேசைக்குப் போகாது, நம் ஆட்களே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்வதோடு, தெர்மாமீட்டரையும் கையில் கொடுங்கள்.

ஸ்டைபெண்ட், அதாவது பயிற்சிக்கால உதவித்தொகை, மாதம் தவறாமல் போய்ச் சேரட்டும். பிரேக் ஷிப்டில் மதியம் 3 மணிக்கு வெளியே அனுப்பி 7 மணிக்கு வரச் சொல்கிறோமே, அந்த நாலு மணி நேரம் அவர்கள் உட்கார ஒரு இடம் வேண்டும். என்னோடு வந்தவர்களில் இரண்டு பேர் அந்த அலைச்சலிலேயே தொழிலை விட்டார்கள். இரண்டு பேருக்கும் நல்ல கை.

டிரெய்னிங் முடிந்து, அன்றாடம் செய்த வேலையை எழுதிவைத்த லாக் புக்கை நீட்டும்போது, கையெழுத்துப் போடும் முன் அந்தப் பிள்ளை தனியாகச் செய்த ஒரு குழம்பை ருசி பாருங்கள், செஃப்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு செஃப்