அட்வான்ஸ் யார் பெயரில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னையில் வீட்டைப் பகிர்ந்து தங்குவோர் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, வாடகை உயர்வையும் வீட்டு உரிமையாளர்களின் கெடுபிடிகளையும் விரிவாகப் பேசியது. உடன் தங்குபவர்களுக்குள்ளேயே தகராறு வந்தால் சட்டம் யார் பக்கம் நிற்கும் என்பதை மட்டும் அது தொடவில்லை. வழக்கறிஞர் என்ற முறையில் நான் பார்க்கும் இத்தகைய தகராறுகளில் பெரும்பாலானவை அட்வான்ஸில்தான் தொடங்குகின்றன.

வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ ஒருவர் தம் பெயரில் ஒப்பந்தம் போட்டு வீடு எடுக்கிறார். அட்வான்ஸில் ஆளுக்கொரு பங்கு கொடுத்து மேலும் மூவர் சேர்கிறார்கள். இடையில் ஒருவர் காலி செய்தால் அவருடைய பங்கை உரிமையாளர் தருவதில்லை, புதிதாக வருபவரே கொடுத்துவிடுகிறார். இப்படி எத்தனை முறை கைமாறினாலும், உரிமையாளரின் கணக்கில் அந்தத் தொகை முழுவதும் கையெழுத்திட்டவருடையதுதான். வீடு காலியான ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதும் அவருக்காகத்தான். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டால், மற்றவர்கள் 3 ஆண்டுகளுக்குள் அவர்மீது உரிமையியல் வழக்குத் தொடர வேண்டியதுதான். கூகுள் பேயில் ‘ரூம் அட்வான்ஸ்’ என்ற குறிப்போடு அனுப்பியவருக்கு அதுவே சான்றாகும். ரொக்கமாகக் கொடுத்தவர் பாடு திண்டாட்டம்.

2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவதை (வாடகைக்கு எடுத்த இடத்தையோ அதில் ஒரு பகுதியையோ இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவதை) தடை செய்வதோடு, அதையே வெளியேற்றத்துக்கான ஒரு காரணமாகவும் வைத்திருக்கிறது. எனவே உடன் இருப்பவர்மீதுள்ள கோபத்தில் உரிமையாளரிடம் ஓடிப்போய்ப் புகார் சொல்பவர், தம்மையும் சேர்த்துக் காலி செய்ய வைக்கும் ஆயுதத்தை அவர் கையில் கொடுக்கிறார்.

அதற்காக, ஒப்பந்தத்தில் பெயரில்லாதவரை எப்போது வேண்டுமானாலும் துரத்திவிடலாம் என்று பொருளில்லை. ஒருவர் தங்கியிருப்பது குத்தகையா (இடத்தின்மீது உரிமை தரும் வாடகை ஏற்பாடு), அத்தகைய உரிமை தராத வெறும் அனுமதியா என்று பார்க்கும்போது, அந்த இடம் அவரின் தனி வசத்தில் இருக்கிறதா என்பது முக்கியமான அளவுகோல் என உச்ச நீதிமன்றம் 1959இலேயே கூறியுள்ளது. தனிப் பூட்டும் சாவியுமாக ஓர் அறையை உள்வாடகைக்கு எடுத்தவரை, அவர் ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்றி வெளியே நிறுத்தினால், அவர் ‘குறிப்பிட்ட நிவாரணச் சட்டம்’ (Specific Relief Act) 6ஆம் பிரிவின்கீழ் 6 மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து மீண்டும் உள்ளே வர வாதாடலாம். கூடத்தில் ஒரு கட்டில் மட்டும் உள்ளவருக்கு அந்த வாதம் பலவீனமானது. காவல் நிலையத்தில் இதைச் ‘சிவில் விவகாரம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்; ஆனால் கல்விச் சான்றிதழ்களையோ மடிக்கணினியையோ பிடித்து வைத்துக்கொண்டால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.

தங்குபவர் அனைவரின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்ப்பதே நல்லது. புரோக்கர்கள் ‘ஒரு பேரு போதும் சார்’ என்பார்கள். அது அவர்களுக்குத்தான் போதும். எல்லோரும் கையெழுத்திட்டால், ஒருவர் தராத வாடகைக்கும் மற்றவர்கள் பொறுப்பேற்க நேரிடலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. உரிமையாளர் இணங்காவிட்டால், ஆள் மாறும்போதெல்லாம் அவருக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்து, அவர் அனுப்பும் ‘சரி’யையாவது பத்திரப்படுத்த வேண்டும். சட்டம் கேட்கும் எழுத்துபூர்வமான சம்மதத்துக்கு அது ஈடாகுமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு என்றாலும், ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
சைதாப்பேட்டை, சென்னை.