படுதாவுக்குப் பின்னால் நின்றவன் எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கேட்ட புத்தகங்களை இன்று காலை செம்பனார்கோவிலில் கூரியரில் போட்டுவிட்டேன். ந. முத்துசாமியின் நாடகத் தொகுப்பு ஒன்று, இந்திரா பார்த்தசாரதியின் நாடகங்கள் ஒன்று. கூடவே அம்மா கொடுத்த அதிரச டப்பா. எண்ணெய் புத்தகத்தில் ஏறிவிடக்கூடாது என்று டப்பாவை மூன்று சுற்று துணியால் கட்டியிருக்கிறேன், வந்ததும் முதலில் அதைப் பிரித்து எடுத்துவிடு. இங்கே சம்பா நடவு நடக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் நிறையவே ஓடுகிறது.

போன வாரம் போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. "ஃப்ரெண்ட் குடுத்த முத்துசாமி நாடக ஜெராக்ஸை ரெண்டு தடவை படிச்சேன்ப்பா. யார் எதுக்குப் பேசுறாங்கன்னே புரியல. இத எப்படி மேடையில போடறது?" என்றாய். அப்போது பதில் சொல்ல வரவில்லை. எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும், அதனால் எழுதுகிறேன்.

நான் மேடையில் ஏறி நடித்தவனில்லை என்பது உனக்குத் தெரியும். பதினேழு வயதிலிருந்து நாலைந்து வருஷம் நம் மாரியம்மன் திருவிழா நாடகங்களுக்கு பிராம்ட் சொன்னேன். படுதாவை ஒட்டி ஒரு ஸ்டூல், கையில் நோட்டு, டார்ச்சின் வாயில் துணி கட்டியிருக்கும். பகலெல்லாம் வயலில் கிடந்துவிட்டு வந்து நடிக்கிற அண்ணன்கள் பாதி வசனத்தை மறந்துவிடுவார்கள். எடுத்துக்கொடுக்க வேண்டியது என் வேலை. முதல் வருஷம் ஒரு தப்பு பண்ணினேன். அப்பா வேஷம் கட்டியவர், மகன் செத்த செய்தியைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் வசனத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்வரிசைக்கே கேட்டுவிட்டது. நாடகம் முடிந்து வந்தவர் திட்டவில்லை. "நான் மறக்கலடா தம்பி, நின்னேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம், மறந்து நிற்கிறவன் யார், நிற்க வேண்டும் என்று நிற்கிறவன் யார் என்று முதுகைப் பார்த்தே தெரிந்துகொள்ளப் பழகினேன்.

உனக்கு முத்துசாமி புரியாமல் போனதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கதைப் புத்தகம் மாதிரி கண்ணாலேயே ஓடியிருக்கிறாய். அந்த நிற்கிற இடங்கள் கண்ணில் படாது, வாயால் படித்தால்தான் தட்டுப்படும்.

அவர் புஞ்சைக்காரர், தெரியுமா? நம் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். சின்னப் பிள்ளையில் உன்னை அந்தச் சோழர் காலத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அங்கே இருக்கும் சாமியின் பெயர்தான் அவருடைய ஒரு நாடகத்துக்கே தலைப்பு: நற்றுணையப்பன். அவருடைய முதல் நாடகமான காலங்காலமாக 1968இல் நடை என்ற சிற்றிதழில் வந்தது. நாற்காலிக்காரர் 1974இல் புத்தகமானது. 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். புரிசை கிராமத்துத் தெருக்கூத்தைப் பார்த்து, தமிழனின் நாடகம் இதுதான் என்று அதன் பின்னாலேயே போன மனிதர். 2018 அக்டோபரில் அவர் காலமான செய்தி வந்த அன்று சாயங்காலம் நான் புஞ்சைக் கோயில் வரைக்கும் போய்விட்டு வந்தேன். ஏன் போனேன் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் வசனத்தைப் புதிர், அபத்தம் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அது நம் திண்ணைப் பேச்சாகத்தான் கேட்கிறது. உன் தாத்தாவும் எதிர்வீட்டுப் பெரியவரும் பேசிக்கொள்வதை யோசித்துப் பார். "தண்ணி வந்துட்டா?" என்று ஒருவர் கேட்பார். "பெரியவன் ஊருக்குப் போயிருக்கான்" என்று மற்றவர் சொல்வார். வெளியூர்க்காரனுக்கு ஒன்றும் விளங்காது. மடை திறக்கிறவன் பெரியவன், அவன் ஊரில் இல்லை, அதனால் தண்ணீர் வரவில்லை. நடுவில் இருக்கிற இத்தனையையும் இருவருமே சொல்ல மாட்டார்கள். முத்துசாமி அந்த நடுவைத்தான் எழுதாமல் விடுகிறார். போன மாதம் ராத்திரி அம்மாவை ஒரு பாத்திரம் படிக்கச் சொல்லி, மற்றதை நான் படித்தேன். முதல் ரெண்டு பக்கம் சங்கடப்பட்டாள். அப்புறம் அவளாகவே ஒரு வரியை மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது தடவைதான் அதில் ஒரு கோபம் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

சே. இராமானுஜம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தவர். போரில் தோற்ற டிராய் நகரத்துப் பெண்களின் கிரேக்க நாடகத்தை வெறியாட்டம் என்று தமிழில் செய்தார். மேடையில் அதைத் தூக்கி நிறுத்தியது நம் ஊர் ஒப்பாரி. ஒப்பாரியின் இழுப்பை எந்த அச்சகத்திலும் கோர்க்க முடியாது. இழவு வீட்டில் அதைக் கேட்ட காது வேண்டும். உனக்கு அந்தக் காது இருக்கிறது. உன் அப்பாயி போனபோது தெருவே கேட்டது.

இப்போது இந்திரா பார்த்தசாரதிக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கும்பகோணத்தில் வளர்ந்தவர். பள்ளியில் தி. ஜானகிராமன் அவருக்கு ஆசிரியர். டில்லியில் இருந்துகொண்டு எழுதினார். மழை, போர்வை போர்த்திய உடல்கள், ஔரங்கசீப் எல்லாம் தொகுப்பில் இருக்கின்றன. இராமாநுஜர் நாடகத்துக்கு 1999இல் சரஸ்வதி சம்மான் என்ற இலக்கிய விருது கிடைத்தது. நீ முதலில் நந்தன் கதையை எடு.

நந்தன் கதை நமக்குத் தெரிந்த கதைதான். பெரிய புராணத்தில் அவர் திருநாளைப்போவார். நம் மாயவரத்துக்குப் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் அதைக் கீர்த்தனையாகப் பாடினார். பெரிய புராணத்தில் இல்லாத ஒரு வேதியரை நந்தனுக்கு ஆண்டையாகக் கொண்டுவந்து, நாற்பது வேலி நிலத்தையும் வேலை முடித்துவிட்டுத்தான் நீ சிதம்பரம் போகலாம் என்று சொல்ல வைத்தார். வேலி என்றால் ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். நாற்பது வேலி 260 ஏக்கரைத் தாண்டும். நடவு ஆள் கிடைக்காமல் ரெண்டு ஏக்கருக்கே நான் அலைகிற இந்த மாதத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்.

பாரதியிடம் நந்தன் தீயில் இறங்கி சோதியில் கலக்கிறான். இந்திரா பார்த்தசாரதியிடம் அது சதி. ஆண்டைகள் கூடிப் பேசுகிறார்கள், நெருப்பில் இறங்கினால் சாமியைச் சேரலாம் என்று நந்தனை நம்ப வைக்கிறார்கள். அவன் நம்புகிறான். அவ்வளவுதான், அற்புதம் எதுவும் நடப்பதில்லை. அந்த இடத்தை டெல்டாவில் பிறந்த யாரும் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது, பாப்பா. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அப்போது எல்லாம் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. எனக்கு எட்டு வயது. வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், நான் போய் நின்றதும் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கொடுமையை வைத்துத்தான் அவர் குருதிப்புனல் நாவலை எழுதினார், 1977இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது வந்தது. நந்தன் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடிசைதான் வருகிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்கு அந்த நாடகத்தின் ஒரு காட்சியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பத்து நாள் ஒத்திகை. நந்தனாக நடித்த பையன் ஒரு வரியும் தவறவிட மாட்டான், அவனுக்கு பிராம்டே தேவைப்படவில்லை. விழாவுக்கு மூன்று நாள் முன்னால் நிர்வாகத்தில் கூப்பிட்டு, "இதெல்லாம் எதுக்கு சார், ஒரு டான்ஸ் வெச்சுக்குங்க" என்றார்கள். நான் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பையனிடம் போய்ச் சொன்னபோது அவன் "சரிங்க சார்" என்றான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அவன் முகம் அப்படியே இருக்கிறது. நான் பேசியிருக்க வேண்டும்.

அதனால்தான் நீ நாடகம் போடப்போகிறேன் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எதைப் போடுவது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். நான் நந்தனைத்தான் போட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதை எடுத்தாலும் முதல் வாரம் யாரும் நடிக்க வேண்டாம், வட்டமாக உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் மேடைக் குறிப்புகளையும் ஒருவர் படிக்கட்டும். புரியாத வரியைத் தாண்டிப் போகாதீர்கள், அடுத்தவரிடம் கொடுத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில், 11ஆம் நூற்றாண்டில் வைகாசித் திருவிழாவுக்கு இராசராசேசுவர நாடகம் ஆட 120 கலம் நெல் கொடுத்த கணக்கு இருக்கிறது. நெல் கணக்கு கல்லில் நின்றுவிட்டது. அந்த நாடகத்தில் ஒரு வரிகூட நமக்கு இல்லை. இந்த ரெண்டு தொகுப்புகளையும் கையில் எடுக்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும். புத்தகத்தில் பென்சிலால் நான் போட்ட கோடுகள் இருக்கும், அழித்துவிடாதே. உன் கோடுகளையும் பக்கத்திலேயே போடு.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமைதானே? ஒரு வாரம் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வை. நான் ஒன்றும் எடுத்துக்கொடுக்க மாட்டேன். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிரியமுடன்,
அப்பா